என் சனிக்கிழமை

பிப்ரவரி 11

கண்டக்டர் சம்பந்தி அவர்களுக்கு,

சாவிக்கடையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன், மூட்டுவலியும் கூடவே இருக்கிறது. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நாம் இருவரும் எங்கே போய் நிற்போம் என்பது உங்களுக்கே தெரியும். "வாயைத் திறந்தா வம்பு. எதுன்னாலும் எழுதிப் போடுங்க பெரியவரே" என்று என் வக்கீல் சொல்லிவிட்டார். எனக்கோ கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். அதனால் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரம்மா எழுதுகிறார், நான் சொல்கிறேன். கதை புரிந்தால்தான் அவருக்குக் கை ஓடுமாம். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்.

என் மகளும் உங்கள் மகனும் அந்த மழையில் மோட்டார் சைக்கிளில் போனார்கள். வந்து சேரவில்லை. பிள்ளை நனைய வேண்டாம் என்று சிட்டுவை என்னிடம் விட்டுப் போனதால் அவள் ஒருத்தி நமக்கு மிச்சம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் ஆளுக்கொரு கையாக அவளைப் பிடித்து இழுத்ததை நர்சுகள் வரைக்கும் நின்று பார்த்தார்கள். போலீஸ்காரர் சமூக நலத்துறைக்குச் சொல்லிவிட்டார். துறை வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் காப்பகத்தில் வைத்துக்கொண்டது. கீழ்க்கோர்ட்டும், இரண்டு குடும்பத்துக்கும் பகை, பிள்ளை துறையிடமே இருக்கட்டும், வெளியில் நல்ல இடமாகப் பார்த்துத் தத்துக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டது. துறையை எதிர்த்து இப்போது நீங்கள் ஒரு அப்பீல், நான் ஒரு அப்பீல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை உங்களுக்கு, மறு சனிக்கிழமை எனக்கு என்று பார்ப்பதற்கு முறை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் என் முறை. அந்தக் கண்ணாடி அறையில் குட்டி நாற்காலியில் முட்டி மடங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை வந்தாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "விசில் தாத்தா வரலையா?" என்றாள்.

என் சனிக்கிழமையில் உங்களுக்கு என்ன வேலை? ஓய்வு பெற்றவருக்கு விசில் எதற்கு? பஸ்ஸே இல்லாமல் யாருக்கு ஊதுகிறீர்கள்? இனிமேல் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும்.

சம்பந்தியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

சாவிக்கடை


பிப்ரவரி 20

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். மூட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இங்கே இருவருக்கும் உடம்புக்குக் குறையில்லை.

என் விசில் உங்களை என்ன செய்தது? முப்பது வருஷம் கூட்டத்துக்குள் நின்று ஊதியவன். பிள்ளை முன்னால் ஒரு தடவை ஊதினேன், அவள் அறை முழுக்கப் பஸ் ஓட்டினாள். துறைப் பெண்மணியைக்கூட "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று தள்ளினாள். அவ்வளவுதான் என் குற்றம்.

உங்கள் பக்கம் நடப்பதை நான் எழுதினேனா? காப்பகத்து ஆயா சொல்கிறாள், சிட்டு தூங்கும்போது கையில் ஒரு பித்தளைச் சாவியைப் பிடித்துக்கொள்கிறாளாம். பிடுங்கினால் ஒரே அழுகையாம். எந்தப் பூட்டுக்கு என்று கேட்டால் "தாத்தா வீட்டுக்கு" என்கிறாளாம். எந்தத் தாத்தா என்று நாங்கள் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

பிள்ளை பிறந்தது முதல் உங்கள் வீட்டில்தான் கிடந்தது. எங்களிடம் வந்து தங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம். வயிறு எரிய வேண்டியவர் யார் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 8

கண்டக்டர் சம்பந்திக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், வலி அடுத்த முட்டிக்குப் போயிருக்கிறது. நீங்கள் சொன்ன வைத்தியம் அல்லவா.

சாவி விஷயம் கேட்டு, பொய் சொல்வானேன், அன்று கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. மருந்துக்கடைக்காரம்மாவை அந்தப் பகுதியை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னேன். கடைசியில் அவர், "மருந்து வாங்க ஆள் நிக்குது பெரியவரே, விடுங்க" என்றார்.

பிள்ளை என்னிடம் கிடந்தது என்கிறீர்கள். ஆமாம், கிடந்தது. அவள் முதலில் சொன்ன வார்த்தை 'அம்மா' இல்லை, 'திற'. என் கடை ஷட்டரைப் பார்த்துச் சொன்னாள். காய்ச்சல் வந்தால் இடது காதைப் பிடித்துக்கொள்வாள். படிக்காதவனுக்குத் தலைதான் நோட்டு, அதில் விழுந்தது அழியாது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது அவரவர் குரலோடு எனக்குள் இருக்கிறது. அந்த மழை நாள் சாயங்காலம் என் வீட்டில் போன் அடித்ததுகூட...

அந்த வரியை எழுத வேண்டாம் என்றேன். எழுதியாகிவிட்டதாம். அடிக்கச் சொன்னால், அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்கிறார். கிடக்கட்டும்.

ஒரு கோரிக்கை. சிட்டுவின் பிறந்த நாள் இந்த மாசக் கடைசியில் வருகிறது. அது உங்கள் சனிக்கிழமை. எனக்கு மாற்றிக் கொடுப்பீர்களா? தரமாட்டீர்கள் என்று தெரியும். கேட்காமல் விட்டால் என் மனசு ஆறாது.

சாவிக்கடை


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

பிறந்த நாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். துறையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இனிமேல் கடிதங்களை நான் வேலை பார்த்த டிப்போ விலாசத்துக்கு என் பெயர் போட்டு அனுப்பவும். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி பிரித்துவிடுகிறாள்.

சம்பந்தி


ஏப்ரல் 5

கண்டக்டர் சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தில் நலம் விசாரிப்பே இல்லை. இருந்தாலும் நான் விசாரிக்கிறேன். நலமா?

பிறந்த நாளுக்குப் போனேன். புதுச் சட்டை எடுத்துப் போனேன், தோளில் கொஞ்சம் பிடித்தது. பிள்ளை வளர்கிறாள், அதைக்கூட துறைதான் பார்க்கிறது. ஒரு மணி நேரமும் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கப் பழகிக்கொண்டே இருந்தாள். சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது. "விசில் தாத்தா வந்தா வரும்" என்றாள். நீங்கள் விட்டுக் கொடுத்த நாளிலும் நீங்களே வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். இதற்கு நீங்கள் தராமலே இருந்திருக்கலாம்.

கேட்டதும் கொடுத்தீர்களே, அது ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோன புதிதில் துறைப் பெண்மணி என் வீட்டைப் பார்க்க வந்தார். அலமாரி, கழிவறை எல்லாம் பார்த்துவிட்டு, கண்டக்டர் வீட்டுக்குப் பிள்ளை போனால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மழையில அவங்களைக் கூப்பிட்டது யாருன்னு எனக்குத் தெரியும்மா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாதிப் பேச்சைத்தான் துறை 'பகை' என்று கோர்ட்டில் தூக்கிப் பிடித்திருக்கிறது. மேல் கோர்ட்டில் நீதிபதிகள் நம் இரண்டு பேரையும் நேரில் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்களாம். துறை வக்கீல் மீதிப் பாதியைக் கேட்பாராம்.

என் வக்கீலுக்கு ஏக சந்தோஷம். "சொல்லிடுங்க பெரியவரே. கண்டக்டர் அப்பீல் அங்கேயே படுத்துடும். அப்புறம் நீங்க ஒருத்தர்தான்" என்கிறார்.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்குத் தூக்கம் கெட வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

சாவிக்கடை


ஏப்ரல் 21

சம்பந்தி அவர்களுக்கு,

நலமில்லை. உங்களிடம் மறைத்து என்ன.

அன்று நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள். மகனும் மருமகளும் வழக்கம்போலப் பிள்ளையோடு உங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. போன் போட்டேன். அம்மாவுக்கு முடியவில்லை, உடனே கிளம்பி வா என்றேன். நீங்கள் போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள், உங்கள் தொண்டைச் செருமல் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரி நல்லபடியாக நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். அவளுக்கு என்ன முடியாமல் இருந்தது என்று அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு இன்றுவரை தெரியாது. மகன் தானாகப் புறப்பட்டு வந்தான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோர்ட்டுக்கு அவளும் வருவாள், வராதே என்றால் ஏன் என்பாள்.

உங்களை இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

சம்பந்தி


ஜூன் 2

கண்டக்டர் சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதை மருந்துக்கடைக்காரம்மா மெதுவாகத்தான் வாசித்தார். அவருக்கு வாய் கெட்டி, விஷயம் வெளியே போகாது, கவலை வேண்டாம்.

பதினெட்டாம் தேதி கோர்ட். எந்த பஸ் போகும், எங்கே மாற வேண்டும் என்று எழுதவும். உங்களுக்குப் பாஸ் இருக்கிறது, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ராஜா மாதிரி வருவீர்கள். நான் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

போன சனிக்கிழமை சிட்டு என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்குப் பூட்டுத் திறந்து காட்டினாள். உங்கள் முறையில் அவள் என்ன செய்தாள் என்று எழுத வேண்டாம்.

வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாவிக்கடை


ஜூன் 20

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வீடு போய்ச் சேர்ந்தீர்களா? கோர்ட் வாசலில் உங்களைத் தேடினேன். இந்த வயசில் அந்த வேகத்தில் ஒருவர் பஸ் ஏறுவாரா?

முந்தாநாளிலிருந்து எனக்கு அந்த அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே இரண்டு நீதிபதிகள். கூரை விசிறி ஒரு பக்கம் ஆடிக்கொண்டே சுற்றியது. கடைசி பெஞ்சில் நான், என் பக்கத்தில் என் வீட்டுக்காரி. துறை வக்கீல் உங்களிடம் வந்து நின்றார். அந்த மழையில் அவர்களைக் கூப்பிட்டது யார் என்று தெரியும் என்று சொன்னீர்களே, யார் அது, சொல்லுங்கள் என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். அதே செருமல், போனில் கேட்டது.

"ஞாபகம் இல்லைங்க" என்றீர்கள்.

வக்கீல் விடவில்லை. நீங்கள் சொன்னது துறையின் காகிதத்தில் இருக்கிறதே என்றார். "சொல்லியிருப்பேன். என்ன நினைச்சுச் சொன்னேன்னு தெரியல. வயசாயிடுச்சு" என்றீர்கள். அன்று போன் ஏதாவது வந்ததா என்று பெரிய நீதிபதியம்மா கேட்டார். நீங்கள் கொஞ்ச நேரம் மேலே விசிறியைப் பார்த்தீர்கள். "போனா... அன்னைக்கு மழைங்க. மழை மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றீர்கள். இந்த வீட்டாரோடு பகை உண்டா என்று கேட்டதற்கு, "பகை இல்லைங்க. பொறாமை உண்டு" என்றீர்கள். கோர்ட்டே சிரித்தது. நீதிபதியம்மாவும் சிரித்ததை என் வீட்டுக்காரி பார்த்தாளாம்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள், "பாவம், பெரியவருக்கு மறதி வந்துடுச்சு. அவர் சாவியெல்லாம் எப்படிச் செய்வாரு" என்று வருத்தப்பட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 4

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சுகமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீர்ப்பு உங்கள் வக்கீல் சொல்லித் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயாலும் நீங்கள் கேட்க வேண்டும்.

துறை தோற்றது. பகை என்று சொல்ல ஆதாரம் ஒன்றும் இல்லை, சொந்தத் தாத்தாமார் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை அந்நியருக்குக் கொடுக்கத் துறைக்கு அவசியம் என்ன என்று நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். கீழ்க்கோர்ட் உத்தரவு ரத்து. அதுவரைக்கும் வாசித்துவிட்டு வக்கீல் என் கையைக் குலுக்கினார்.

அதற்கடுத்து இரண்டு அப்பீலில் எது என்று வருகிறது. சாவிக்கடைப் பெரியவர் நல்லவர், ஆனால் தனிக்கட்டை, தன் வாயாலேயே மறதி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், மறதிக்காரரிடம் நாலு வயசுப் பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆகையால் பிள்ளை கண்டக்டருக்கும் அவர் மனைவிக்கும். சனிக்கிழமைதோறும் பெரியவரோடு.

சிட்டு வந்துவிட்டாள். உள் அறையில் தூங்குகிறாள், கையில் உங்கள் சாவி. ஆசைப்பட்டது எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் மறுபடி கோர்ட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிடட்டுமா? அவளிடமும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 13

ஐயா,

நான் மருந்துக்கடைக்காரி. பெரியவர் சொல்லாமல் நானாக எழுதுவது இது ஒன்றுதான். உங்கள் இரண்டு கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன். பதில் எழுதலாமா என்றால் "அப்புறம்" என்கிறார். கடை திறக்கிறார், அடைக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நேற்று அவருடைய வக்கீல் வந்திருந்தார். மறதி இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கினால், தீர்ப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், பிள்ளை பெரியவருக்கே வந்தாலும் வரும் என்றார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு தம்பி? எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றார். வக்கீல் பதறிப்போய்விட்டார். அவர் போன பிறகு பெரியவர் என்னிடம் வந்து, மறதிக்கு ஏதாவது மாத்திரை கொடு, மேசையில் நாலு பேர் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்றார். சத்து மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

நான் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டாம்.


ஆகஸ்ட் 26

கண்டக்டர் சம்பந்திக்கு,

நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இப்போது இருந்தே ஆக வேண்டும், உங்கள் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போய் எதையோ சொல்லப்போவதாக எழுதியிருந்தீர்கள். எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. போன் என்கிறீர்கள், எந்தப் போன்? நான் மறதிக்காரன், இரண்டு நீதிபதிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் போய் எதையாவது கிளறினால் துறை மறுபடி ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தும். இந்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் இழுத்த மாதிரி இழுக்கக்கூட நமக்குப் பிள்ளை இருக்காது. சம்பந்தியம்மாவிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் நிம்மதியாக இருந்தால்தான் பிள்ளைக்குத் தலை ஒழுங்காக வாரிவிடுவார்.

மறந்துபோவதற்குள் சில விஷயம். தலை வாரும்போது உச்சியிலிருந்து இழுக்கக் கூடாது, நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வர வேண்டும். என் மகளுக்கும் அப்படித்தான். பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள், வடிகட்டிவிட்டு அவள் கண் முன்னால் காட்டுங்கள். வலது காலில் முதலில் செருப்புப் போட்டால் அழுவாள், இடது முதலில். 'தூங்கு' என்றால் தூங்க மாட்டாள், 'கடையை அடைச்சாச்சு' என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்க வேண்டும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், இழுக்காதீர்கள், நீங்களும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொந்திக்குக் கஷ்டம்தான், பழகிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றவே கூடாது. காய்ச்சல் என்றால் எந்தக் காது என்று முன்பே எழுதியிருக்கிறேன், அதுதான்.

கையில் இருக்கும் பித்தளைச் சாவி என் வீட்டு வாசல் சாவி. அவள் வளர்ந்து தானாக வந்து திறக்கும்வரை நான் பூட்டை மாற்றப்போவதில்லை.

சனிக்கிழமை எனக்கு. நீங்கள் கொண்டுவந்து விடும்போது தெருமுனையிலேயே நின்றுவிடவும். விசில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அவள் உங்கள் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாள், சிரிக்கிறாள் என்றெல்லாம் எனக்கு எழுத வேண்டாம், என்னால் தாங்க முடியாது. என்னைக் கேட்டு அழுதால் மட்டும் எழுதுங்கள். அழவில்லை என்றாலும் அழுததாகவே எழுதுங்கள். நான்தான் மறதிக்காரன் ஆயிற்றே, சனிக்கிழமை வந்தால் அவளிடம் கேட்டுச் சரிபார்க்க எனக்கு ஞாபகம் இருக்காது.

சாவித் தாத்தா